செம்மண்டலத்திலிருந்து செம்மணலுக்கு

எங்கள் மகள் அமெரிக்க நாட்டின் அரிசோனா மாநிலத்தில் வாழ்கிறாள். சென்ற ஆண்டு அவளும் மருமகனும் ஒரு வீட்டு வண்டியை வாடகைக்கு எடுத்துக்கொண்டு, அந்நாட்டின் தென்மேற்குப் பாலைநிலங்களில் பத்து நாள் சுற்றிவந்தார்கள். படுக்கை, அடுப்பு, தண்ணீர்த் தொட்டி யாவும் உள்ளேயே அமைந்த வண்டி அது. இருட்டும் இடத்தில் நிறுத்தி உறங்கலாம்; விடிந்ததும் புறப்படலாம். அவர்கள் அனுப்பிய படங்களில் வானத்தை முட்டி நிற்கும் செந்நிறப் பாறைகள் இருந்தன. பனைபோல் ஓங்கி வளர்ந்த கள்ளிகள் இருந்தன. மரங்களே கல்லாகிக் கிடக்கும் ஒரு நிலத்தின் படமும் இருந்தது.

"அம்மா, நீங்களும் அப்பாவும் ஒருமுறை வாருங்கள். இவற்றையெல்லாம் காட்டுகிறோம்" என்று மகள் அன்போடு அழைத்தாள்.

என் கணவர் கைப்பேசியை முகத்தருகே கொண்டுசென்று, தலையைச் சற்றே சாய்த்து, ஒவ்வொரு படமாகப் பார்த்தார். பிறகு என்னிடம், "டீச்சர், கல்லான மரம் நம் திருவக்கரையிலேயே கிடக்கிறது. இந்தச் சிவப்பு மணலையும் நான் பார்த்திருக்கிறேன். திருச்செந்தூருக்குப் பக்கத்தில். உனக்கு ஒருநாள் காட்ட வேண்டும்" என்றார்.

எங்கள் பயணம் அந்தச் சொல்லில் தொடங்கிற்று.

வாசகர்களுக்கு எங்களைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். கடலூர்ச் செம்மண்டலத்தில் எங்கள் வீடு. அவர் முப்பத்திரண்டு ஆண்டுகள் சரக்கு லாரி ஓட்டியவர். நான் ஏறக்குறைய அதே காலம் தமிழாசிரியையாகப் பணியாற்றியவள். அவரை நான் "என்னங்க" என்று அழைப்பேன். அவர் என்னை, பள்ளிப் பிள்ளைகளைப் போல, "டீச்சர்" என்று அழைப்பார். மாதத்தில் நான்கைந்து நாள் வீட்டில் இருப்பார். மற்ற நாளெல்லாம் தூத்துக்குடி உப்பும் உடன்குடிக் கருப்பட்டியும் பண்ருட்டி முந்திரியும் அவரை ஊர் ஊராக இழுத்துச் சென்றன. பிள்ளைகள் இருவரும் பிறந்தபோது அவர் சாலையில் இருந்தார். 1991-ஆம் ஆண்டு என் தந்தையார் இறைவனடி சேர்ந்தபோதும் சாலையில்தான் இருந்தார். அடக்கம் முடிந்த நான்காம் நாள் வந்து, "தாமதமாகிவிட்டது" என்ற ஒரு சொல்லோடு நின்றார். அதைக் குற்றமாக நான் ஒருநாளும் எடுத்துச் சொன்னதில்லை, ஆனால் மறந்ததுமில்லை.

இருவரும் ஓய்வு பெற்று வீட்டிலேயே இருக்கத் தொடங்கியபோதுதான், எங்களுக்கிடையே பேசுவதற்கு ஒன்றுமில்லை என்பது தெரிந்தது. "காபி ஆறுகிறது", "மின்கட்டணம் கட்டியாயிற்றா?" என்பவற்றோடு நாள் முடிந்துவிடும். போதாக்குறைக்கு அவருக்குக் கண் அழுத்த நோய் கண்டது. நேரே இருப்பது தெரியும்; பக்கத்தில் வருவது மெல்ல மெல்ல மறைந்துகொண்டு வருகிறது. இந்நோயில் இழந்த பார்வை மீளாது. எஞ்சியதை மருந்தால் காக்கலாம், அவ்வளவே. "பகலில் மெதுவாக ஓட்டலாம்; இரவில் கூடவே கூடாது. ஆறு மாதம் கழித்துச் சோதித்த பிறகு பகலுக்கும் முடிவு சொல்கிறேன்" என்றார் மருத்துவர். வண்டியே வாழ்வாக இருந்த மனிதர் அன்றிரவு உண்ணவில்லை.

ஆகவே, அந்த ஆறு மாதம் முடிவதற்குள் புறப்படுவதென்று தீர்மானித்தோம்.

கிளீனர் வேலை

பழைய ஆம்னி வேன் ஒன்றை வாங்கினோம். பின் இருக்கையை மடித்து, அதன்மேல் ஆறடி நீளத்துக்குத் தச்சரைக் கொண்டு பலகை அடித்தோம். பலகைக்கு அடியில் அரிசி, பருப்பு, புளி, சிறிய எரிவாயு அடுப்பு, இரண்டு பாத்திரம், இருபது லிட்டர் தண்ணீர்க் கேன், ஒரு கொசுவலை. அரிசோனா வண்டியில் குளிரூட்டியும் குளியலறையும் உண்டு. எங்களுக்குக் குளிரூட்டி வேப்பமர நிழல். குளியலறை பெட்ரோல் பங்கு. எந்தப் பங்கில் நல்ல தண்ணீர் வரும், எங்கே இரவில் அச்சமின்றி உறங்கலாம் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம்.

அவருடைய இடக்கண் மிகவும் தளர்ந்திருந்ததால் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டோம். லாரியில் இடப்பக்கம் அமர்ந்து வழி பார்த்துச் சொல்லும் கிளீனர் பையனின் வேலை எனக்கு. "சைக்கிள் வருகிறது", "மாடு நிற்கிறது", "போகலாம்" என்று நான் சொல்ல வேண்டும். நான் சொல்லாமல் அவர் வண்டியை ஒதுக்கக் கூடாது. மணிக்கு நாற்பது கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது. மாலை ஐந்து மணிக்கு மேல் ஓட்டக் கூடாது. இப்படி அறுபதாம் வயதில், சம்பளமில்லாத கிளீனராக நான் வேலையில் சேர்ந்தேன்.

மாசி மாதக் கடைசியில் ஒரு காலைப்பொழுது செம்மண்டலம் சந்திப்பைக் கடந்தோம். மேற்கே கேப்பர் மலையின் செம்மண் மேடு இளவெயிலில் துலங்கிற்று. இந்தச் செந்நிற மணற்பாறைக்கு நிலநூலார் எங்கள் ஊரின் பெயரையே சூட்டிக் 'கடலூர் மணற்பாறை' என்கிறார்கள். திருவக்கரைக் கல்மரங்கள் புதைந்திருப்பதும் இப்பாறையில்தான்; ஏறத்தாழ இரண்டு கோடி ஆண்டுகளுக்கு முந்தியவை அவை. இவ்வளவு பழைய நிலத்தின்மேல் குடியிருந்தும் இதை ஒருநாளும் நின்று பார்க்காமல் பள்ளிக்கு ஓடினோமே என்று எனக்கு வெட்கமாக இருந்தது.

சிதம்பரத்தில் படித்த பாலை

வெள்ளாற்றைத் தாண்டிச் சிதம்பரம் சேர்ந்ததும், "அண்ணாமலை நகருக்குள் ஒருமுறை போய்வரலாமா?" என்று கேட்டேன். 1929-இல் தொடங்கப்பெற்ற அப்பல்கலைக்கழகத்தில்தான் நான் தமிழ் படித்தேன். அங்கிருந்த ஒரு மரத்தடியில் வண்டியை நிறுத்தி, கட்டிவந்த புளிச்சோற்றை உண்டோம். நான் என்ன படித்தேன் என்று அவர் கேட்டார். மணமாகி முப்பத்தைந்து ஆண்டில் அப்படி அவர் கேட்டது அதுவே முதல் முறை.

நான் பாலைத்திணையைச் சொன்னேன். குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல் ஆகிய நான்குக்கும் மலை, காடு, வயல், கடல் என்று நிலம் உண்டு. பாலைக்குத் தொல்காப்பியர் தனி நிலம் வகுக்கவில்லை. முல்லையும் குறிஞ்சியும் வெயிலால் தம் இயல்பு திரிந்து வறண்டால் அதுவே பாலை என்று சிலப்பதிகாரம் விளக்குகிறது. அதற்குரிய பொழுது நண்பகல். உரிய ஒழுக்கம் பிரிவு. பொருள் தேடுவதற்காகக் கணவன் சுரம் கடந்து போவான். மனைவி வீட்டில் காத்திருப்பாள். பாலைப் பாட்டு பெரும்பாலும் அதுதான்.

அவர் சோற்றைப் பிசைவதை நிறுத்திவிட்டு, "இது லாரிக்காரன் வீட்டுக் கதையாக இருக்கிறதே, டீச்சர்" என்றார்.

முப்பது ஆண்டு வகுப்பில் பாலையை நடத்தியிருக்கிறேன். என் வீட்டுக்குள் அதுதான் நடந்துகொண்டிருக்கிறது என்று எனக்கு ஒருநாளும் தோன்றவில்லை. படிக்காத மனிதர் ஒரே நொடியில் கண்டு சொல்லிவிட்டார்.

நாகையில் கேட்ட செய்தி

கொள்ளிடம் கடந்து, சீர்காழி வழியாகப் பிற்பகலில் நாகப்பட்டினம் அடைந்தோம். ஊருக்குள் நுழையும்போதே அவர் பேச்சை நிறுத்திவிட்டார். எனக்குக் காரணம் தெரியும் என்று நினைத்தேன். 2004 டிசம்பர் 26-ஆம் நாள் ஆழிப்பேரலை எழுந்தபோது தமிழ்நாட்டில் மிகுதியான உயிர்களைப் பறிகொடுத்தது இந்த மாவட்டமே. எங்கள் கடலூர்க் கரையும் அன்று அழுதது. அவர் முந்தின நாள்தான் நாகைக்குச் சரக்கு ஏற்றிச் சென்றிருந்தார். இரண்டு நாள் அவரிடமிருந்து ஒரு செய்தியுமில்லை. பிள்ளைகளை அருகில் வைத்துக்கொண்டு, அவர் இருக்கிறாரா இல்லையா என்று தெரியாமலே நான் செபமாலை உருட்டிய இரண்டு நாட்கள் அவை. மூன்றாம் நாள் வந்தவர், "தொலைபேசி வேலை செய்யவில்லை" என்று மட்டும் சொல்லிவிட்டுப் படுத்துவிட்டார்.

வேளாங்கண்ணியில் வண்டி நிறுத்துமிடத்தில் அன்றிரவு தங்கினோம். கொசுவலைக்குள் படுத்தபடியே, இருட்டில், அவர் தாமாகப் பேசினார். அந்த இரண்டு நாளும் தம் லாரியில் உப்பும் இல்லை, சிமெண்டும் இல்லை, இறந்தவர்களின் உடல்களே இருந்தன என்றார். கரையிலிருந்து எடுத்து அடக்க இடத்துக்குக் கொண்டுபோக வண்டி இல்லாமல் மக்கள் தவித்தபோது, யாரும் கேட்காமலே தம் வண்டியைத் திருப்பினாராம். "அதில் நம் சின்னவன் வயதுப் பிள்ளைகள் இருந்தார்கள். வீட்டுக்கு வந்து சின்னவனைப் பார்த்ததும் என்னால் பேச முடியவில்லை" என்றார்.

அவரது மௌனத்தை இத்தனை ஆண்டுகளாக நான் அலட்சியம் என்று எண்ணியிருந்தேன். அன்றிரவு அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். வேறொன்றும் சொல்லத் தெரியவில்லை. மூன்று மணிக்கு அவர் எழுந்து, வண்டியைச் சுற்றி நடந்து, நான்கு சக்கரத்தையும் தட்டிப் பார்த்துவிட்டு வந்து படுத்தார். "எதற்கு?" என்று கேட்டேன். "பழக்கம்" என்றார். லாரிக்குக் கீழே உறங்கிய முப்பத்திரண்டு ஆண்டின் பழக்கம். வீட்டில் அவர் எழுந்து நடமாடுவதைக் கண்டு, தூக்கம் வராத கிழவர் என்று நான் அலுத்துக்கொண்டது நினைவுக்கு வந்தது.

தண்ணீரில்லாக் காடு

மறுநாள் திருத்துறைப்பூண்டி, முத்துப்பேட்டை தாண்டியதும் சோழநாட்டுப் பசுமை சிறிது சிறிதாகக் கைவிட்டது. தொண்டியை நெருங்கும்போது நிலம் வெளுத்து, வயல் குறைந்து, இருபுறமும் சீமைக்கருவேலம் சூழ்ந்துகொண்டது. 'தண்ணீரில்லாக் காட்டுக்கு மாற்றிவிடுவேன்' என்று அலுவலகங்களில் மிரட்டுவார்களே, அந்தக் காடு இதுதான் என்று இராமநாதபுரத்துப் பக்கத்தை நெடுங்காலமாகக் கைகாட்டி வந்திருக்கிறார்கள். ஆனால் மழைநீரை வீணாக்காமல் கண்மாய் கண்மாயாகக் கட்டிவைத்த முன்னோரும் இம்மண்ணின் மக்களே. அதை எண்ணினால் அந்த ஏளனம் நமக்கே வெட்கமாகும்.

சீமைக்கருவேலத்துக்கு ஒரு வரலாறு உண்டு. அதன் தாயகம் மெக்சிகோவும் அதைச் சூழ்ந்த அமெரிக்க நிலங்களும் ஆகும். அதன் இனத்து மரங்களே அரிசோனாப் பாலையிலும் வளர்கின்றன. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் விறகுக்காகவும் வறண்ட நிலத்தைப் பசுமையாக்குவதற்காகவும் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. இன்று கண்மாயையும் வயலையும் அடைத்து நிற்கிறது; எனினும் அதை வெட்டிக் கரிமூட்டம் போட்டுப் பிழைக்கும் குடும்பங்களும் இப்பகுதியில் பல. மகள் அனுப்பிய படங்களில் ஒன்றை எடுத்துப் பார்த்தோம். செம்பாறைக்கு முன்னே நின்ற முட்செடி, எங்கள் வண்டிக்கு வெளியே நின்றதன் உடன்பிறப்பு போலவே இருந்தது. "நாம் போகாவிட்டால் என்ன? அமெரிக்காவே இங்கு வந்துவிட்டது" என்று சிரித்தார் அவர்.

தேவிபட்டினத்தில் ஓர் இரவு தங்கினோம். மறுநாள் சாயல்குடி, வேம்பார் வழியாகத் தூத்துக்குடி சென்று அங்கோர் இரவு. உப்பளங்களில் வெள்ளைக் குவியல்கள் கண்ணைப் பறித்தன. கண் கூசியதால் அவர் வண்டியை நிறுத்தி, ஈரத்துணியை முகத்தில் போட்டுக்கொண்டு சற்று நேரம் அமர்ந்திருந்தார். ஒன்றும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

செம்மணல்

நான்காம் நாள் திருச்செந்தூர் கடந்து, காயாமொழிப் பக்கம் திரும்பினோம். பனைகளுக்கு நடுவே சாலை நெளிந்தது. ஒரு மேட்டில் ஏறி இறங்கியதும் வெள்ளை மண் நின்றுவிட்டது. எதிரே குங்குமத்தைக் கொட்டிப் பரப்பியதுபோல், கண்ணுக்கெட்டிய மட்டும் சிவப்பு மணல் அலையலையாகக் கிடந்தது. குதிரைமொழித் தேரி என்பது இதுவே.

தேரி என்பது தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்களின் கரையோரத்தில் உள்ள செம்மணல் மேடுகளின் பெயர். இந்த மணல் ஆறு கொண்டுவந்ததன்று, காற்று கொண்டுவந்தது. பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன், கடல் மட்டம் இன்றினும் தாழ்ந்து கரை விலகியிருந்த காலத்தில் வெளிப்பட்ட மணலையும், மேற்கு மலையடிவாரச் செம்மண்ணையும் காற்று அள்ளிவந்து குவித்தது என்பது ஆய்வாளர் கருத்து. ஒவ்வொரு மணியின் மேலும் இரும்பின் துரு மெல்லிய பூச்சாகப் படிந்திருப்பதால் இந்த நிறம். ஆடிக்காற்றில் மேடுகள் இடம்பெயரும். மணல் நகர்ந்து ஊரையும் விளைநிலத்தையும் மூடிவிடாதபடி மக்களும் வனத்துறையினரும் பனையும் வேலும் முந்திரியும் வளர்த்து அதைக் கட்டிப்போட்டிருக்கிறார்கள். முந்திரியை இங்கே கொல்லாமரம் என்கிறார்கள். 2011 டிசம்பர் 30-ஆம் நாள் தானே புயலில் எங்கள் பக்கத்து முந்திரித் தோப்புகள் வேரோடு சாய்ந்ததைக் கண்ட எனக்கு, இங்கே அம்மரம் மணலைப் பிடித்து நிற்பதைப் பார்த்து மனம் நிறைந்தது.

இந்தத் தேரிகளின் தெற்கே இடையன்குடியில்தான் கால்டுவெல் 1841-இல் வந்து குடியேறினார். திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை 1856-இல் உலகுக்குத் தந்த அவர், அவ்வூர்த் தேவாலயத்திலேயே துயில்கிறார். இந்த வெயிலில் அமர்ந்தா அவ்வளவு பெரிய நூலை எழுதினார் என்று வியந்தபடி நான் தேரியையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டேன். கிளீனர் வேலையை மறந்துவிட்டேன்.

வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது. இடப்பக்கத்துச் சக்கரங்கள் இரண்டும் தார்ச்சாலையை விட்டு இறங்கி, அச்சுவரை மணலில் புதைந்திருந்தன. அவர் முடுக்கினார், சக்கரம் இன்னும் ஆழமாக இறங்கிற்று. இயந்திரத்தை நிறுத்திவிட்டு, கை இரண்டையும் திருப்பு சக்கரத்தின் மேல் வைத்தபடி, "விளிம்பு என் கண்ணுக்குத் தெரியவில்லை, டீச்சர்" என்றார். மருத்துவர் சொன்னபோதுகூட அவர் ஒப்புக்கொள்ளாத செய்தி அது.

"நான்தான் சொல்லாமல் இருந்துவிட்டேன்" என்றேன்.

"நீ சொல்லவில்லை; எனக்குத் தெரியவுமில்லை. இரண்டும் உண்மை" என்றார்.

நண்பகல் பன்னிரண்டு மணி. சாலையில் ஈ காக்கை இல்லை. அனல் தாங்காமல் கீழே இறங்கினேன். கால் வைத்த இடம் கொதித்தது. நிழலென்று ஒன்றும் அருகில் இல்லை. அவர் வந்து எனக்கும் சூரியனுக்கும் நடுவே நின்றுகொண்டார். தம் நிழலைப் பெண்மானுக்குத் தந்து தான் வெயிலில் நிற்கும் ஆண்மானைக் கலித்தொகையில் பாலை பாடிய பெருங்கடுங்கோ காட்டியிருக்கிறார். எத்தனை வகுப்பில் அதை நடத்தியிருப்பேன்! அதைச் சொல்ல வாயெடுத்தேன்; தொண்டை அடைத்துக்கொண்டது.

அரைமணி கழித்து, மிதிவண்டியில் ஒரு பனைத் தொழிலாளி வந்தார். "அண்ணாச்சி, மணலு உள்ள இழுத்துட்டோ? வெறுமன முடுக்காதிய" என்று சொல்லிவிட்டுப் போய், மனைவியையும் இரண்டு இளைஞர்களையும் அழைத்துவந்தார். சக்கரங்களின் காற்றைப் பாதியாகக் குறைத்து, மணலைக் கையால் தோண்டி, பனைமட்டைகளை வரிசையாக அடியில் பரப்பினார்கள். எல்லாரும் சேர்ந்து தள்ளியதும் வண்டி மேலேறிற்று. கூலி கொடுக்கப் போனோம், வாங்கவில்லை. "வாங்க, பதநி குடிச்சிட்டுப் போலாம்" என்று தங்கள் விடிலிக்கு அழைத்துச் சென்றார்கள்.

கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவி மரத்தில் கட்டினால் பாளையின் சாறு புளிக்காமல் பதநீராக இறங்கும். அதைக் காய்ச்சினால் கருப்பட்டி. உடன்குடிக் கருப்பட்டிக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. ஆனால் காலையும் மாலையும் மரமேற இளைஞர் முன்வருவது அருகிவிட்டது என்றார் அவர். ஓலைப் பட்டையில் வாங்கிக் குடித்த அந்தப் பதநீரின் இனிமையை நான் எழுத்தில் தர இயலாது.

அந்த அம்மாளிடம், "அவர் மரத்தில் இருக்கும்போது உங்களுக்குப் பயமாக இராதா?" என்று கேட்டேன். "பயந்தா ஆவுமா அக்கா? அவுக எறங்குத மட்டும் கண்ணு மேலதான் இருக்கும். எறங்குனதும் அடுப்ப மூட்டப் போயிருவேன்" என்றாள். ஒரு நாளைக்கு எத்தனை முறை அவள் தன் கணவனை வழியனுப்பி வரவேற்கிறாள் என்று எண்ணிக்கொண்டேன்.

வெயில் தாழ்ந்ததும் மேலப்புதுக்குடியில் உள்ள அருஞ்சுனை காத்த அய்யனார் கோயில் பக்கம் போனோம். செம்மணலுக்கு நடுவே பசுமையும், நீர் நிறைந்த சுனையும்! தேரியில் மழை பெய்யாமலில்லை. பெய்ததை மணல் உடனே விழுங்கிவிடுகிறது. மேலே ஒரு துளியும் நில்லாது. அடியில் மெல்ல ஊறி, தாழ்ந்த இடத்தில் சுனையாக வெளிப்படுகிறது. ஊர்க்காரர் அதைப் பொக்கிஷமாகக் காக்கிறார்கள்.

அங்கிருந்து சற்றுத் தள்ளி, ஒரு மணல் மேட்டில் அமர்ந்தோம். அப்போது அவர் சொன்னதைத்தான் இக்கட்டுரையில் எழுதலாமா வேண்டாமா என்று பலநாள் எண்ணினேன். அவரே எழுதச் சொன்னார்.

"உன் அப்பா இறந்த செய்தி எனக்கு இங்கேதான் கிடைத்தது. உடன்குடியில் கருப்பட்டி ஏற்றிக்கொண்டிருந்தேன். தூத்துக்குடிப் புக்கிங் ஆபீசுக்கு வந்த செய்தியை ஒருவன் பஸ் ஏறி வந்து சொன்னான். அதற்குள் அடக்கம் முடிந்து ஒரு நாள் ஆகிவிட்டது. பாதி ஏற்றிய சரக்கு. விட்டுவிட்டு வர வழியில்லை. இந்த மணலில் வந்து உட்கார்ந்து அழுதேன். பெண் கேட்டு வந்தபோது, 'லாரிக்காரன் என்றாலும் நாணயமானவன்' என்று எல்லாரையும் மறுத்து எனக்கு உன்னைக் கொடுத்தவர் அவர். இதை உன்னிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல், 'தாமதமாகிவிட்டது' என்றேன். என்றைக்காவது இந்த இடத்துக்கு உன்னை அழைத்துவந்து சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். கண் போவதற்குள் சொல்லிவிட்டேன்."

முப்பது ஆண்டுக்கு மேலாக நான் மூடி வைத்திருந்த கணக்கு அந்த மணலில் முடிந்தது. நான் எதை மன்னிப்பது? யாரை மன்னிப்பது? அவருக்குத் தெரிந்த வழியில் அவரும் அழுதிருக்கிறார். நான் கேட்கவுமில்லை, அவர் சொல்லவுமில்லை. விளிம்பு அவர் கண்ணுக்குத் தெரியவில்லை. தெரிந்தும் நான் சொல்லவில்லை. வண்டி புதைந்த கதைதான் எங்கள் இல்லறத்தின் கதையும்.

"பாலையில் பிரிவு மட்டுமா, டீச்சர்?" என்று சிறிது நேரம் கழித்துக் கேட்டார்.

"இல்லை. உடன்போக்கு என்று ஒன்று உண்டு. பெண் வீட்டைவிட்டுத் தன் அன்பனோடு பாலைவழியே புறப்பட்டுப் போய்விடுவாள்" என்றேன்.

"அறுபது வயதில் போகலாமா?" என்றார். நெடுநாள் கழித்து இருவரும் வாய்விட்டுச் சிரித்தோம்.

மணப்பாடு

மறுநாள் காலை உடன்குடி வழியாக மணப்பாடு சென்றோம். கடலுக்குள் நீண்டு நிற்கும் மணற்பாறைக் குன்றின்மேல் திருச்சிலுவைக் கோயில் வெண்மையாக நிற்கிறது. 1542-இல் முத்துக்குளித்துறைக்கு வந்த புனித பிரான்சிஸ் சவேரியார் தங்கிச் செபித்த குகை, குன்றின் அடியில் கடலைப் பார்த்தபடி இருக்கிறது. ஒரு பக்கம் செம்மணல் நாடு, மறுபக்கம் எல்லையற்ற நீலக் கடல், நடுவே சிலுவை. தவக்காலத்தில் பாலைவனத்தைப் பற்றி எத்தனையோ மறையுரை கேட்டிருக்கிறேன். பாலையிலிருந்து நேரே நடந்துவந்து அக்குகையில் மண்டியிட்டது இதுவே முதல் முறை. என்ன வேண்டிக்கொண்டேன் என்று அவர் கேட்கவில்லை. நன்றி மட்டுமே சொன்னேன்.

திரும்பும் வழியில் நான் ஒரு சைக்கிளையும் தவறவிடவில்லை. 500 கிலோமீட்டருக்கு மேற்பட்ட அவ்வழியை நான்கு நாளில் கடந்து, செம்மண்டலம் வந்து சேர்ந்தோம். வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தியதும் அவர் சாவியைக் கழற்றி என் கையில் வைத்தார். "மருத்துவர் சொல்லுமுன் நானே சொல்லிவிடுகிறேன். இதோடு போதும்" என்றார். முப்பத்திரண்டு ஆண்டு லாரி ஓட்டிய கையிலிருந்து அந்தச் சாவியை வாங்கியபோது என் கை நடுங்கிற்று.

இதைப் படிக்கும் இளந்தம்பதியருக்கு ஒரு சொல். பொருள் தேடப் பிரிவது நம் குடும்பங்களுக்குப் புதிதன்று. அன்று சுரம் கடந்தார்கள். நேற்று லாரி ஏறினார்கள். இன்று வளைகுடாவுக்கும் அமெரிக்காவுக்கும் விமானம் ஏறுகிறார்கள். பிரிவால் நிலம் வறள்வது உண்மை. ஆனால் திரும்பி வந்த நாளில் "என்ன நடந்தது?" என்று ஒருவர் கேட்டு, மற்றவர் சொல்லிவிட்டால், அடியில் ஊறிய நீர் மேலே வந்துவிடும். அதற்கு அறுபது வயதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. வீட்டு வண்டியும் வேண்டியதில்லை.

வண்டி என்னவாயிற்று என்று கேட்பீர்கள். அதை விற்கவில்லை. மஞ்சக்குப்பத்தில் ஓர் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் நான் சேர்ந்திருக்கிறேன். பழகுநர் உரிமமும் வாங்கிவிட்டேன். மாலையில் நான் வகுப்பு முடிந்து வந்ததும், அன்று என்ன கற்றேன் என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக் குறைநிறை சொல்வது அவர் வேலை. இப்போது அவர் டீச்சர், நான் மாணவி. முழு உரிமம் கிடைத்ததும் முதற்பயணம் திருவக்கரைக்கு. கல்லான மரங்களை அவர் கண் தெளிவாக இருக்கும்போதே பார்த்துவிட வேண்டும். இடப்பக்க இருக்கை இனி அவருக்கு.